நூறு மீற்றரில்

குடிபூரலுக்கு நூற்றைம்பது கதிரை,
ஒரு தகரப் பந்தல், இரண்டு கிடாரம்.
வீட்டுக்காரர் யோகறஞ்சன்
வட்ஸ்அப்பில் ஒரு சிவப்பு ஊசி அனுப்பியிருந்தார்.
"உதைப் பிடிச்சு வாங்கோ, பிழைக்காது."

உதைப் பிடித்தோம்.

போனுக்குள் இருக்கிறவள் எங்கட பக்கத்துக்காரி இல்லை.
மானிப்பாயில் வெளிக்கிடும்போதே அதை மணிபே என்றாள்.
உடுவில் அவள் வாயில் உதுவில் ஆனது.
"எதுவில்?" என்று கேட்டான் டினோசன்.
சுன்னாகத்தைச் சுருக்கி,
புன்னாலைக்கட்டுவனில் மூச்சு முட்டி
"சாலையில் தொடரவும்" என்று மாத்திரம் சொன்னாள்.
அவன் சிரித்ததில் மிக்சர் முழுக்கச் சீற்றில்.

பிறகு வலப்பக்கம் திரும்பச் சொன்னாள்.
திரும்பிய ஒழுங்கை
வர வர ஒடுங்கி
கண்ணாடி இரண்டையும் மடிக்கவைத்து
ஒரு வெங்காயத் தறையில் கொண்டுபோய் விட்டது.
தண்ணி மாறிக்கொண்டு நின்றவர்
மண்வெட்டியை ஊன்றிவிட்டு
எங்களை அல்ல, கதிரைகளைப் பார்த்தார்.
"போனோ கூட்டிக்கொண்டு வந்தது?
போன கிழமை ஐஸ்கிறீம் வான்.
அதுக்கு முதல் ஒரு மாப்பிள்ளை வீடு,
தட்டுகளோட."
அவரே பின்னால் நின்று எடுத்துவிட்டார்:
"ஒடி, ஒடி, ஆ, இப்ப நேராய் விடு,
பாத்தியை மிதிச்சியோ, கொல்லுவன்."
அன்றைக்குக் கிடைத்த ஒரே சரியான வழிகாட்டல்.

கட்டுவன் தாண்டியது.
"நேராகச் செல்லவும்.
நூறு மீற்றரில் சேருமிடத்தை அடைவீர்கள்."
நேரே முள்ளுக்கம்பி.
அதற்குப் பின்னால் மண் அணை.
அதற்கும் பின்னால்
நல்ல அகலமான ஒரு தார் றோட்டு,
வளைவில்லாமல், ஆளில்லாமல்.
அவள் சொன்னது பொய் இல்லை.

காவல்கொட்டிலிலிருந்து ஒரு பொடியன் வந்தான்,
துவக்கை முதுகுக்குத் தள்ளிவிட்டு.
ஐசி கேட்கவில்லை. போனைக் கேட்டான்.
கொடுத்த கை உடனே குளிர்ந்தது.
இரண்டு விரலால் படத்தை விரித்துப் பார்த்து
"மெப் பிஸ்ஸு" என்றான்.
"இண்டைக்கு நீ நாலாவது.
எங்கட ஊரில இவ
குளத்துக்குள்ள போகச் சொல்றது."
சிரிக்கலாமோ என்று
டினோசன் என்னைப் பார்த்தான்.
எனக்கும் தெரியவில்லை.

யோகறஞ்சனுக்கு அடித்தேன்.
"கம்பிக்கு அங்காலையோ நிக்கிறியள், இஞ்சாலையோ?"
யோசித்துச் சொல்லவேண்டிய கேள்வி.
"ஒருக்கா கையைக் காட்டுங்கோ."
காட்டினேன்.
அணைக்கு அந்தப் பக்கம், பற்றைகளுக்கு மேலால்
நீலப் பெயின்ற் காயாத ஒரு மொட்டைமாடியில்
யாரோ துவாயை எடுத்து வீசினார்கள்.

சுற்றிப் போக ஏழு கிலோமீற்றர்.

கதிரைகளை இறக்கி அடுக்கியபிறகு
யோகறஞ்சன் சோடா உடைத்துத் தந்தார்.
"அண்ணை, ஊசியைப் பிழையாய்க் குத்திப்போட்டியள்."
"பிழையில்லை," என்றார்.
வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போனார்.
குசினிச் சுவரிலிருந்து பத்து அடியில் கம்பி.
கம்பிக்கு உள்ளே, எருக்கலைக்கு நடுவில்
ஒரு கிணற்றுக்கட்டு, பாதி இடிந்து.
"வீட்டை விட்டவங்கள், கிணத்தை இன்னும் விடேல்லை.
நான் கிணத்தடியிலதான் குத்தினனான்.
உறுதியில அதுவும் கிடக்கு."
அதற்குமேல் ஒன்றும் கதைக்கவில்லை.
பவுசரில் தண்ணி வந்தது,
கிடாரத்தில் பிடிக்கப் போய்விட்டார்.

இரவு பத்து மணிக்கு, நான் சாப்பிடும்போது
போன் தானாக வெளிச்சம் போட்டுக் கேட்டது:
நீங்கள் சென்ற இடம்
வரைபடத்தில் சரியாக உள்ளதா?
ஆம்.
இல்லை.
உறுதியாகத் தெரியவில்லை.

புட்டுப் பிசைந்த கை.
இடது கையால் தொடலாம்தான்.
வெளிச்சம் அணையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாளை மறுநாள் கதிரை ஏற்றப் போகவேணும்.
டினோசன் மெசேஜ் போட்டிருந்தான்:
"எத்தினை மணிக்கு, அண்ணை?
அவளையும் கூட்டிக்கொண்டோ?"